கடைசி கட்டிங் எத்தனை மணிக்கு?

மறுவாழ்வு மையத்தில் ஒருவரைச் சேர்க்கக் கிளம்பும் குடும்பங்கள் செய்யும் முதல் தப்பு, இரண்டு நாள் முன்பே வீட்டில் குடியை நிறுத்திவிடுவது. டாக்டர் முன்னால் நாற்றமடித்துக்கொண்டு நிற்கக் கூடாதாம். தினமும் மூணு குவாட்டர் போடுகிற உடம்பு அது. ஒரு குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதக் கணக்கில் அதற்குள் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. நாளுக்கு 180 கிராமுக்குப் பழகிய மூளைக்கு அது சட்டென்று கிடைக்காமல் போனால் ஆறு மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும்; 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். வியாழன் ராத்திரி நிறுத்தினால் சனிக்கிழமை விடியலுக்குள், ஆம்புலன்ஸ் நுழையாத தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றில் வந்து நிற்கும். மருந்து கையில் இல்லாமல் வீட்டில் நிறுத்தாதீர்கள். அதற்காக "நாளைக்கு சேரப்போறான், இன்னிக்கு ஒரு நாள்" என்று கூட்டாளிகள் வைக்கும் விருந்துக்கும் அனுப்ப வேண்டாம். நிதானமே இல்லாமல் வருபவரிடம் கையெழுத்து வாங்க முடியாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஓ.பி.யில் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எப்ப குடிச்சே, எவ்ளோ?" அவர் சொல்வார், "ஒரு கட்டிங்தான் சார், நேத்து நைட்டு", அதாவது அரை குவாட்டர். பக்கத்தில் நிற்கும் மனைவி மானத்துக்குப் பயந்து தலையாட்டுவார். மருந்தின் அளவு இந்தப் பதிலை வைத்துத்தான் தீர்மானமாகிறது. குறைத்துச் சொன்னால் மருந்தும் குறையும், மூன்றாம் ராத்திரி தாங்காது. ஆகவே முந்தின நாள் கண் விழித்ததிலிருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. அதற்கு முன்பே, காலை ஆறு மணிக்கு பிளாக்கில் வாங்கிக் குடிக்கிறாரா என்பதையும் எழுதுங்கள். கை நடுக்கம் நிற்கவே காலையில் குடிக்கிறார் என்றால் டாக்டருக்கு அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். முன்பு எப்போதாவது குடியை விட்டபோது ஃபிட்ஸ் வந்ததா, தலையில் அடிபட்டதா, தூக்க மாத்திரை உண்டா, சர்க்கரை, பிரஷர் உண்டா என்பதும் அதே தாளில் இருக்கட்டும். பழைய மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு வாருங்கள். ஆதார் இரண்டு: அவருடையது, கூட இருப்பவருடையது.

எங்கே போவது? வட சென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கம். வியாசர்பாடி, பெரம்பூர் ஆட்களுக்கு அயனாவரத்தை ஒட்டிய அரசு மனநல மருத்துவமனை, அதாவது நம் ஊர் வாயில் 'கீழ்ப்பாக்கம்'. 1794இல் தொடங்கிய இடம். அந்தப் பெயரைக் கேட்டதுமே "நான் இன்னா பைத்தியமா?" என்று பாதி பேர் ஆட்டோவிலிருந்து இறங்கிவிடுவார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, வார்டு எது, எதற்குப் போகிறோம் என்று பேசி முடித்துவிடுங்கள். 2025இல் 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் உதவியில் இயங்கும் தொண்டு நிறுவன மையங்களும் உண்டு. அங்கே சிகிச்சை இலவசம். எங்கே இடம் இருக்கிறது என்று கேட்க 14446. மனநல ஆலோசனைக்கு 14416.

தனியார் மையம் என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் மாநில மனநல ஆணையத்தில் பதிவான சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், ராத்திரியில் நர்ஸ் உண்டா என்று கேளுங்கள். "அட்ரஸ் மட்டும் குடுங்க, நாலு பசங்களோட வேன் அனுப்பித் தூக்கிக்கிறோம்" என்று சொல்லும் இடத்துக்கு இரண்டாவது போன் போட வேண்டாம். தானாக வந்து கையெழுத்திட்டுச் சேர்பவர், போகிறேன் என்றால் விட்டாக வேண்டும்; மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். அவர் சம்மதிக்கும் நிலையில் இல்லாவிட்டால் அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர், மனுக் கொடுத்து, இருவர் தனித்தனியே பரிசோதித்த பிறகு 30 நாள் வரை வைக்க வழி உண்டு. அந்த இருவரில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். சங்கிலி போடுவது எந்த நிலையிலும் சட்டவிரோதம்.

காசிமேட்டில் படகுக்குப் போகிறவர்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் தோதான நேரம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், ஒரு மாதம் உள்ளே இருந்தாலும் வருமானம் பெரிதாகப் போகாது. ஆனால் கரையில் சும்மா உட்கார்ந்து குடி கூடுவதும் அதே நாட்களில்தான். முதல் வாரத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது. கிழமையில் திங்கள், செவ்வாய். சனிக்கிழமை சேர்த்தால், வலிப்பு வரக்கூடிய முதல் இரண்டு நாளும் ஆள் குறைவான வார இறுதியில் போகும்.

பையில் நாலு லுங்கி, பனியன், சோப்பு, செருப்பு போதும். ஷேவிங் லோஷன், சானிடைசர், இருமல் டானிக் மூன்றையும் வாசலில் எடுத்துவிடுவார்கள்; ஆல்கஹால் இருக்கும். போன் உள்ளே போகாது. பீடி, புகையிலை பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் சண்டை போட்டு வெளியேறுபவர்களில் பலர் சரக்குக்காகப் போவதில்லை, பீடிக்காகப் போகிறார்கள். நிகோட்டின் சூயிங்கம் தருவார்களா என்ற ஒரு கேள்வி ஒரு அட்மிஷனைக் காப்பாற்றும்.

உள்ளே முதலில் ரத்தம் எடுப்பார்கள்: கல்லீரல், சர்க்கரை, உப்புச் சத்துகள். ஈ.சி.ஜி. உண்டு. அடுத்தது தயமின், அதாவது பி1 ஊசி. இதை முதலில் போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தெருமுனை கிளினிக்கில் "தெம்பா இருக்கும்" என்று வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிட்டு வருவது ஆபத்து. பி1 வற்றிய மூளையில் இருக்கிற கொஞ்சமும் செலவாகி, கண் ஆடி, நடை தடுமாறி, நினைவு குழம்பிவிடும். நடுக்கத்துக்கு குளோர்டயசெபாக்சைடு, கல்லீரல் கெட்டிருந்தால் பெரும்பாலும் லோராசெபாம். நாளாக நாளாகக் குறைத்து ஏழு, பத்து நாளில் நிறுத்துவார்கள்.

பார்க்கவே பயமான கட்டம் 48 முதல் 96 மணி நேரம். நாள் கிழமை தெரியாது, சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார். வலை பின்னுகிறவர் படுத்தபடியே போர்வை நுனியைப் பிடித்து இல்லாத ஊசியால் கண்ணி கண்ணியாகக் கோர்ப்பார். ஆட்டோக்காரர் வெறுங்கையில் ஆக்சிலேட்டர் முறுக்குவார். பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்க ஆள் கூப்பிட வேண்டாம், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கவனிக்காவிட்டால் உயிர் போகும் நிலை இது. வீட்டில் வந்தால் 108.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்களுக்குக் கணக்கு வேறு. மூக்கு ஒழுகும், கொட்டாவி விடாது, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைச்சல். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இரண்டாம் நாள் ஓடிவிடுவார்கள். இவர்களுக்கு ஆபத்து வெளியே வந்த பிறகு: ஒரு மாதத்தில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். இதைப் பையனிடமே நேராகச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜில் டைசல்பிராம் கொடுத்தால், அது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை; அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்துத்தான் போட வேண்டும். சாம்பாரில் பொடித்துக் கலக்கும் அம்மாக்கள் நிறைய. அவர் வெளியே போய்க் குடித்தால் பிரஷர் இறங்கி, நெஞ்சு படபடத்து, சில சமயம் உயிரே போகும். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும். தசமூலாரிஷ்டமும் ஆகாது, அதிலும் ஆல்கஹால் உண்டு. வீடு திரும்பும் ஆட்டோவை, டாஸ்மாக் கண்ணில் படாமல், எந்தத் தெரு வழியாக விடுவது என்பதை முன்னாடியே பேசி வையுங்கள். மறு பரிசோதனைத் தேதியைச் சீட்டில் எழுதி வாங்காமல் கேட்டைத் தாண்டாதீர்கள்.