அந்த மூடியை யார் சுத்தம் செய்வார்கள்?

நிலைத்த நகரங்கள் (நாளைக்குரிய வளத்தைத் தின்றுவிடாமல் வாழ்பவை), மீள்திறன் கொண்ட நகரங்கள் (வெள்ளம், வெயில் போன்ற அடியைத் தாங்கி மீண்டு எழுபவை) என்று முதுகலை மாணவர்களுக்கு ஒரு பாடம் நடத்தி வருகிறேன். முதல் ஆண்டு நடத்திய விதத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. சூழலியலாளர் ஹோலிங் மீள்திறன் பற்றி 1973இல் எழுதிய கட்டுரையில் தொடங்கி, நிலைத்த வளர்ச்சி பற்றி 1987இல் வந்த ப்ருண்ட்லாண்ட் அறிக்கையைத் தொட்டு, ஐ.நா. 2015இல் ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நகரங்களைப் பற்றிய 11ஆவது இலக்குக்கு வந்து சேர்வதற்குள் நான்கு வாரம் ஓடிவிட்டது. மாணவர்கள் சமர்த்தாகக் குறிப்பெடுத்தார்கள்.

ஐந்தாவது வாரம், ஒரு குடியிருப்புப் பகுதியை வெள்ளத்துக்கு ஈடுகொடுக்கும்படி வடிவமைத்து வரச் சொன்னேன். வந்த படங்கள் எல்லாம் ஒரே படம். மொட்டை மாடியில் புல், சுவரில் கொடி, நடுவே வளைந்து ஓடும் நீலக் கோடு, அதன் கரையில் சைக்கிள் ஓட்டும் அப்பா, அம்மா, பிள்ளை. நான்கு குழுவிலும் அதே குடும்பம்தான் சைக்கிள் ஓட்டியது. எல்லாரும் ஒரே இணையதளத்திலிருந்து இறக்கியிருக்கிறார்கள்.

வகுப்பில் ஒருவர் மற்றவர்களைவிட வயது கூடியவர். உள்ளாட்சிப் பொறியாளராகச் சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்திருந்தார். அதிகம் பேசமாட்டார். ஒரு குழு தன் மழைநீர்த் தோட்டத்தை, அதாவது ஓடிவரும் மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் தாழ்வான செடிப் பாத்தியை, விளக்கிக்கொண்டிருந்தபோது கையைத் தூக்கினார்.

"மேடம், இந்தத் தண்ணி உள்ளே போற இடத்துல ஒரு கம்பி மூடி போட்டிருக்காங்க. அதுல இலை அடைச்சுக்கும். யார் சுத்தம் பண்ணுவாங்க?"

யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. "பராமரிப்பு தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம்" என்று ஏதோ சொல்லி அடுத்த குழுவைக் கூப்பிட்டேன். அன்று இரவு படுத்தபோதுதான் உறைத்தது, அவர் கேட்டதுதான் பாடம், நான் நடத்தியது வெறும் முன்னுரை.

அடுத்த ஆண்டு முதல் வகுப்பிலேயே ஸ்லைடை மூடிவிட்டு எல்லாரையும் வாகன நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப் போனேன். டேப் வைத்து அளந்தோம். நீளம் 40 மீட்டர், அகலம் 25. ஆக 1,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 50 மில்லிமீட்டர் மழை என்றால் 50,000 லிட்டர். தரை தார் போட்டது, பத்தில் ஒன்பது பங்கு ஓடிவிடும் என்று வைத்தாலும் 45,000 லிட்டர் எங்கேயாவது போயாக வேண்டும். எங்கே போகும்? தேடினோம். மூலையில் ஒரே ஒரு கம்பி மூடி, பாதிக்கு மேல் மண். ஒரு பிளாஸ்டிக் பை வேறு சப்பையாக ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி இருபது பேர் குனிந்து நின்றதைப் பார்த்து, காவலாளி யாரோ எதையோ தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து டார்ச் கொண்டு வந்தார்.

அதற்கப்புறம்தான் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் கதையைச் சொல்வேன். 2011 ஜூலை 2, சனிக்கிழமை. இரண்டு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. கழிவுநீரும் மழைநீரும் பெரும்பாலும் ஒரே குழாயில் போகிற ஊர் அது. குழாய் நிரம்பி, நிலத்தடி அறைகளுக்குள் எல்லாம் ஏறிவிட்டது. மறு ஆண்டே பெருமழைத் திட்டம் ஒன்றைத் தயார் செய்தார்கள். தாழ்த்திய பூங்காக்கள் தண்ணீரைப் பிடித்து வைக்கும், சில தெருக்கள் வாய்க்காலாகி அதைத் துறைமுகம் வரை கொண்டுபோகும். மாணவர்களின் கண் அந்தப் பூங்காப் படங்களில்தான் நிற்கும். நான் நிறுத்துவது ஒரே ஒரு எண்ணில். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழையில் தெருவில் 10 சென்டிமீட்டர் வரை தண்ணீர் நிற்கலாம் என்று அவர்கள் அளவு வைத்துக்கொண்டார்கள்.

'தண்ணீரே தேங்காது' என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, பாருங்கள். எவ்வளவு தோற்கலாம் என்று முன்கூட்டியே பேசி முடித்திருக்கிறார்கள். பத்து சென்டிமீட்டரை ஸ்கேலில் காட்டி, இது யாருக்குச் சரி, யாருக்குச் சரிப்படாது என்று கேட்பேன். கணுக்கால்தானே என்பார்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு? தெரு மட்டத்துக்குக் கீழே குடியிருப்பவருக்கு? அந்த ஒரு மணி நேரம் நான் பேசவே வேண்டியிருக்காது.

இன்னொரு சிக்கலை நானே தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். 11ஆவது இலக்கின் வாசகத்தில் 'மீள்திறன்', 'நிலைத்தன்மை' இரண்டும் அக்கம்பக்கமாக அண்ணன் தம்பிபோல நிற்கின்றன. வேலையில் இறங்கினால் இரண்டுக்கும் அடிக்கடி சண்டை. நெருக்கமாகக் கட்டினால் பயணம் குறையும், எரிபொருள் மிச்சம், நிலம் மிச்சம். அதே நெருக்கம் தண்ணீர் இறங்க இடம் விடாது, இரவிலும் சூடு தணியாது. ஒரே பெரிய பம்ப் சிக்கனம். அது நின்றுபோகிற அன்று, சும்மா கிடக்கிறது என்று நாம் திட்டிய இரண்டாவது பம்ப்தான் ஊரைக் காப்பாற்றும். மாணவர்கள் இதற்கு ஒரு விடை எதிர்பார்ப்பார்கள். தேர்வில் எப்படி எழுதுவது என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். சண்டையை அப்படியே எழுதுங்கள், மார்க் போடுகிறேன் என்பேன்.

சிகாகோவை எடுக்கும் வாரம் வகுப்பு வேறு மாதிரி இருக்கும். 1995 ஜூலை வெப்ப அலையில் அங்கே எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் முதியவர்கள், தனியாக இருந்தவர்கள். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஏழைப் பகுதிகளைச் சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் ஒப்பிட்டார். வடக்கு லான்டேலில் சாவு அதிகம், தெற்கு லான்டேலில் மிகக் குறைவு. வெயில் ஒன்றுதான். ஒன்றில் கடைகள் மூடி, மனைகள் காலியாகி, முதியவர்கள் வெளியே வர அஞ்சும் தெருக்கள். மற்றதில் ஆள் நடமாட்டம் ஓயாத தெருக்கள்; ஒருவர் இரண்டு நாள் கண்ணில் படவில்லை என்றால் விசாரிக்க ஆள் இருந்தது. இதை வரைபடத்தில் எந்த நிறத்தில் காட்டுவது என்று ஒரு மாணவி கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு நிஜமாகவே கேட்டாள். முதலில் வாசலில் உட்கார இடம் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று எண்ணிப் பார் என்றேன். எண்ணிக்கொண்டு வந்தாள். அந்த ஆண்டின் நல்ல வேலைகளில் அதுவும் ஒன்று.

இப்போது ஒவ்வொரு படத்தோடும் ஒரு தாள் கூடுதலாகக் கேட்கிறேன்: யார், எந்தக் கருவியோடு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, சம்பளம் எங்கிருந்து. மாணவர்களுக்கு இது பிடிக்காது. வெளியிலிருந்து மதிப்பிட வருகிறவர்களிலும் சிலர் அந்தத் தாளைப் புரட்டிவிட்டு, முப்பரிமாணப் படம் எங்கே என்று கேட்டதுண்டு.

அப்புறம், அந்த வாகன நிறுத்துமிடம். மாணவர்கள் அளவு, கணக்கு, புகைப்படம் எல்லாம் இணைத்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. மூடி அப்படியே இருந்தது. பருவம் முடியும் சமயத்தில் ஒரு மாலை நல்ல மழை. வகுப்பை விட்டுவிட்டு ஆறேழு பேர் குடையோடு ஓடினோம். ஒருத்தி ஸ்கேலைத் தண்ணீரில் நிறுத்திப் பார்த்து, ஏழு என்றாள். கோபன்ஹேகன் கணக்குக்குள்தான் இருக்கிறோம் என்றான் பின்னால் இருந்தவன். அதற்குள் இன்னொருவன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு மூலைக்குப் போய், கையைவிட்டு அந்தப் பிளாஸ்டிக் பையை இழுத்துக்கொண்டிருந்தான்.