“இஷ்யூ 212-ஐப் பார்க்கவும்”

எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலில், அச்சுப்பொறிக்குக் கோப்பை அனுப்பும் இடத்தில், ஏழு விநாடி காத்திருக்கச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது. அதை எழுதியவர் மேலே ஒரு குறிப்பு விட்டுப் போயிருக்கிறார்: “நீக்க வேண்டாம். இஷ்யூ 212-ஐப் பார்க்கவும்.” இஷ்யூ என்பது ஒரு வழுவைப் பற்றி, அதாவது நிரலின் கோளாறைப் பற்றி, குழு எழுதிப் பேசும் எண்ணிட்ட பதிவு. அந்த 212 இப்போது எங்கும் இல்லை. எங்கள் மூலநிரலை வைத்திருந்த தளம் தன் சேவையை நிறுத்திக்கொண்டபோது, குழுவில் ஒவ்வொருவருடைய மடிக்கணினியிலும் முழு வரலாறும் இருந்ததால், நிரல் ஒரு பிற்பகலில் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தது. வழுக்களைப் பற்றி நாங்கள் அங்கே எழுதித் தீர்த்த பேச்செல்லாம் தளத்தோடு போயிற்று. பாதித் தவறு எங்களுடையதுதான்: மூன்று மாத அவகாசம் தந்து அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல், வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவருடைய முகவரியில் கிடந்தது.

நிரல் தப்பியதும் பேச்சு தப்பாததும் ஏன் என்று யோசித்தால், 2005 ஏப்ரலில் நடந்த ஒரு சண்டையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அப்போது அதைக் குழாயடிச் சண்டை என்று ஒதுக்கியவர்கள் பலர். மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள் உலகில் அதைவிடப் பயன் தந்த சண்டை வேறு இல்லை என்பது என் எண்ணம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரல் (கெர்னல்) தொடங்கிய 1991-லிருந்து பத்து ஆண்டுகளுக்கு மேல், உலகம் முழுவதிலுமிருந்து மின்னஞ்சலில் வரும் திருத்தங்களை அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏறக்குறையக் கையாலேயே சேர்த்துக்கொண்டிருந்தார். அனுப்பிய திருத்தம் காணாமற்போவதும், பதில் வராமல் மறுபடி மறுபடி அனுப்புவதும் வழக்கமாக இருந்தன. அந்த நெருக்கடியில்தான் 2002 பிப்ரவரியில் நிரலின் மாற்றங்களை வரலாறாகப் பதிந்து வைக்கும் பிட்கீப்பர் என்ற மென்பொருளுக்கு அவர் மாறினார். லாரி மெக்வாயின் பிட்மூவர் நிறுவனம் எழுதிய அந்தக் கருவி உண்மையிலேயே அருமையானது. மைய வழங்கியை (சர்வரை) நம்பியிருக்காமல் ஒவ்வொருவரும் தன்னிடம் முழுப் பிரதியை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். கருநிரல் எழுதுபவர்களுக்குப் பணமும் வேண்டாம் என்றார் மெக்வாய். ஆனால் மூலநிரல் பூட்டியிருந்தது. அதோடு, இதைப் பயன்படுத்துபவர் இதற்குப் போட்டியான கருவி எதையும் உருவாக்கும் வேலையில் ஈடுபடக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் இருப்பதால் அவர்கள் நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் ஊர் அரசாணைச் சொல்லில் சொல்வதானால் பிட்கீப்பர் ஒரு விலையில்லா மென்பொருள். கட்டற்ற மென்பொருள் அல்ல. இதைத்தான் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அன்றைக்கே எடுத்துச் சொன்னார். கருவி நன்றாக வேலை செய்யும்போது கொள்கை பேசுகிறவரைச் சுமையாகப் பார்ப்பது பொறியாளர்களின் இயல்பு. அவர் பேச்சு எடுபடவில்லை.

மூன்று ஆண்டு கழித்து, விண்டோஸ் கணினிகளோடு கோப்புப் பகிர உதவும் சாம்பா மென்பொருளை எழுதியவரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர் வழங்கியிலிருந்து தரவை எடுக்கும் ஒரு சிறிய கட்டற்ற கருவியை எழுதத் தொடங்கினார். பிட்கீப்பரை அவர் பயன்படுத்தியதில்லை என்பதால் அதன் உரிம நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தவில்லை. அவர் செய்த ‘குற்றம்’ என்ன என்பதைப் பின்னர் கான்பெராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் அவரே மேடையில் செய்து காட்டினார். டெல்நெட் என்ற எளிய இணைப்புக் கருவி வழியாக அந்த வழங்கியோடு இணைந்து, ‘ஹெல்ப்’ என்று தட்டினார். வழங்கி தனக்குத் தெரிந்த கட்டளைகளையெல்லாம் பட்டியலிட்டுக் காட்டியது. அவ்வளவுதான். கதவைத் தட்டி “யார் வீட்டில்?” என்று கேட்டதைப் போன்ற காரியம் அது. ஆனால் மெக்வாய் இதை ஏற்கவில்லை. விலையில்லாப் பதிப்பையே நிறுத்தினார். டோர்வால்ட்ஸ் தன் கோபத்தை டிரிட்ஜெல் மீது காட்டினார். நல்ல கருவி ஒன்று கையைவிட்டுப் போன எரிச்சல் புரிகிறது. ஆனால் அந்தக் கோபம் முகவரி மாறிப் போனது என்றே இன்றும் நினைக்கிறேன். ஒருவர் ‘ஹெல்ப்’ என்று தட்டியதால் உலகத்தின் மிகப் பெரிய கூட்டு நிரலாக்கப் பணி நின்றுபோகும் என்றால், பிழை தட்டியவரிடம் இல்லை.

ஏப்ரல் 3-ஆம் தேதி டோர்வால்ட்ஸ் பிட்கீப்பருக்கு மாற்றாக கிட் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். 7-ஆம் தேதி கிட்டின் மூலநிரலே கிட்டில் வைக்கப்பட்டது. ஜூன் மாதம் வெளியான லினக்ஸ் 2.6.12 அதன் துணையோடுதான் வந்தது. ஜூலையில் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் அவர் ஒப்படைத்துவிட்டார். வேகத்தைவிட எனக்கு வியப்பாக இருப்பது அதன் கட்டமைப்பு. ஒவ்வொரு கமிட்டும் (பதிவுசெய்த மாற்றமும்) தன் உள்ளடக்கத்திலிருந்தும் தனக்கு முந்தைய கமிட்டின் பெயரிலிருந்தும் கணக்கிட்ட நாற்பது எழுத்துப் பெயரைத் தாங்கி நிற்கிறது. பத்து ஆண்டுக்கு முந்தைய ஒரு கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அதற்குப் பின்வந்த அத்தனை பெயர்களும் மாறிவிடும். ஆகவே எந்தப் பிரதி உண்மையானது என்று வழங்கியைக் கேட்க வேண்டியதில்லை. கடைசிப் பெயர் பொருந்தினால் என்னிடம் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் ஒன்றே. இனி எந்த நிறுவனத்தின் தயவும் தேவைப்படக் கூடாது என்ற அரசியல் தீர்மானம், தரவின் வடிவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

பிறகு நாம் செய்ததுதான் வேடிக்கை. 2008-இல், கிட்டில் உள்ள நிரல்களை இணையத்தில் வைத்துப் பேணும் கிட்ஹப் தளம் வந்தது. மையமே வேண்டாம் என்று செய்த கருவிக்கு மையம் ஒன்றைக் கட்டி, எல்லோரும் அதில் போய்க் குடியேறினோம். 2001-இல் தன் தலைமை அதிகாரி வாயால் லினக்ஸைப் புற்றுநோய் என்று அழைத்த மைக்ரோசாஃப்ட், 2018-இல் 750 கோடி டாலர் மதிப்பில் அந்த மையத்தை வாங்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளைக் காரணம் காட்டி ஈரான், சிரியா, கிரீமியா ஆகிய இடங்களைச் சேர்ந்த நிரலாளர்கள் தங்கள் தனிக் களஞ்சியங்களை (நிரல் தொகுப்புகளை) அணுக முடியாமற்போனது. ஈரானியர்களுக்கான கட்டுப்பாடு 2021 ஜனவரியில்தான் நீங்கியது. 2020 அக்டோபரில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் கேட்டுக்கொண்டதால் யூடியூப் காணொளிகளைப் பதிவிறக்கும் யூடியூப்-டிஎல் கருவியின் களஞ்சியம் தளத்திலிருந்து அகற்றப்பட்டு, எதிர்ப்பு எழுந்த பின் நவம்பரில் திரும்ப ஏற்றப்பட்டது. அந்த நாட்களில் அதன் நிரலுக்குப் பஞ்சமே இல்லை. ஆயிரம் பேரிடம் பிரதி இருந்தது. வழு அறிவிப்புகளும் இணைப்புக் கோரிக்கைகளும் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பவை) இருந்த இடம் ஒன்றே ஒன்று.

கடந்த சில ஆண்டுகளில் திறமூல அரசியல் என்றாலே உரிம மாற்றம் என்றாகிவிட்டது. திறமூல மென்பொருள்களான எலாஸ்டிக்சர்ச் 2021-இலும், டெர்ராஃபார்ம் 2023-இலும், ரெடிஸ் 2024-இலும் உரிமத்தை இறுக்கின. ஓப்பன்சர்ச், ஓப்பன்டோஃபு, வால்கி என்று மூன்றுக்கும் கிளைகள், அதாவது பழைய நிரலிலிருந்து பிரிந்த தனி மென்பொருள்கள், முளைத்தன. எலாஸ்டிக்கும் ரெடிஸும் பிறகு ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தையும் சேர்த்துக்கொண்டு பாதி வழி திரும்பி வந்ததை எல்லோரும் பார்த்தோம். இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பழைய உரிமம் கிளைபிரிய இடம் தந்தது, பிரிந்தார்கள்; ஏற்பாடு வேலை செய்கிறது. என் கவலை உரிமம் என்ற சொல்லே எட்டாத இடத்தைப் பற்றியது. ஒரு வரி ஏன் இப்படி இருக்கிறது, எந்த வழியை முயன்று எதற்காகக் கைவிட்டார்கள், யார் எதற்கு மறுப்புச் சொன்னார்கள் என்பதெல்லாம் எந்த உரிமத்தின் கீழும் இல்லை. அவை தளத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன.

கருநிரல் எழுதுபவர்கள் இன்றும் மின்னஞ்சலில் திருத்தம் அனுப்புவதைப் பழமைவாதம் என்று நானும் கேலி செய்திருக்கிறேன். இப்போது அவ்வளவு துணிச்சல் வருவதில்லை. அவர்களுடைய அஞ்சல் ஆவணத் தளத்தின் முழு உள்ளடக்கமும் கிட் களஞ்சியங்களாகவே கிடைக்கிறது. விரும்பியவர் நிரலைப் போலவே விவாதத்தையும் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளலாம். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை எழுதிய ரிச்சர்ட் ஹிப் வேறொரு வழி கண்டார். அவர் செய்த ஃபாசில் என்ற கருவியில் மூலநிரல், வழுச் சீட்டுகள், விக்கிப் பக்கங்கள் எல்லாம் ஒரே கோப்பில் உட்கார்ந்திருக்கும். எஸ்க்யூலைட்டே அதில்தான் பராமரிக்கப்படுகிறது. ஃபாசில் பரவலாகாமற்போனது நம் துறை கிட்டோடு திருப்தியடைந்து நின்றுவிட்டதன் அடையாளம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு கிட்ஹப்பைவிட்டு வெளியேறுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. என் சொந்த நிரல்களும் அங்கேதான் இருக்கின்றன. கல்லூரி முடித்து வரும் ஒருவரை உட்காரவைத்து, ஒரு பேட்சை (திருத்தக் கோப்பை) வரி உடையாமல் மின்னஞ்சலில் அனுப்பக் கற்றுக்கொடுத்துப் பார்த்தவர்களுக்கு கிட்ஹப்பில் திருத்தம் அனுப்பும் அந்தப் பச்சைப் பொத்தானின் அருமை தெரியும். பெர்லினில் லாப நோக்கமற்ற சங்கமாக நடக்கும் கோட்பெர்க் போன்ற மாற்றுத் தளங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே போனாலும் பேச்சு ஒரு தரவுத்தளத்தில்தான் கிடக்கும், வீட்டுக்காரர் நல்லவர் என்பதுதான் வேறுபாடு.

எங்கள் குழுவில் இரண்டு வழக்கங்களைக் கொண்டுவந்தோம். கமிட் செய்தியில் வெறும் இஷ்யூ எண்ணை மட்டும் எழுதி முடிக்கக் கூடாது. காரணத்தை இரண்டு வரியிலாவது எழுத வேண்டும். ஞாயிறுதோறும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் அந்த வாரத்து இஷ்யூக்களையும் அவற்றின் மறுமொழிகளையும் தளத்தின் ஏபிஐ என்ற தரவு வாசல் வழியாக இறக்கி, ஜேசான் என்ற உரைக் கோப்புகளாகக் களஞ்சியத்தின் தனிக் கிளையில் (பிராஞ்சில்) சேர்த்துவிடும். முதல் வழக்கத்தைப் பற்றி முணுமுணுப்பு இன்னும் அடங்கவில்லை. “ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியதற்குக் காரணம் என்ன எழுத, சார்?” என்று ஒருவர் கேட்டார். “எழுத்துப்பிழை என்று எழுதுங்கள்” என்றேன்.

போன மாதம் சேர்ந்த புதிய பெண் ஒருவர் அந்த ஏழு விநாடி வரியைக் கண்டு, நீக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். சோதனைக் கணினியில் நீக்கிப் பார்த்தோம். அச்சுப்பொறி ஒரு குறையுமின்றி ஓடியது. அவர் என்னைப் பார்த்தார். வரியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தோம். குறிப்பை மட்டும் அவர் மாற்றி எழுதினார்: “இஷ்யூ 212 தொலைந்துவிட்டது. இந்த வரி ஏன் இருக்கிறது என்று இப்போது குழுவில் யாருக்கும் தெரியாது. சோதனைக் கணினியில் நீக்கிப் பார்த்தபோது பாதகம் எதுவும் தெரியவில்லை.”