ஓடாத இடத்திலும் ‘ரன்’

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று சொல்லிக்கொடுத்து அத்தோடு நிறுத்திவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். மூக்கு ஒழுகினாலும் ரன். துவைத்த துணியில் சாயம் இறங்கினாலும் ரன். கடை நடத்துவதும், தேர்தலில் நிற்பதும், இயந்திரம் இயங்குவதும் அதே சொல்தான். பின்னால் ‘அவுட்’ சேர்ந்தால் டப்பாவில் சர்க்கரை தீர்ந்துவிடும். ‘இன்டு’ சேர்ந்தால் தெரிந்தவர் எதிர்ப்படுவார்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீண்ட விளக்கம் ‘செட்’ என்ற சொல்லுக்கு. பிறகு வந்த திருத்தத்தில் ‘ரன்’ அதை முந்தியது: வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள்! அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் இந்த ஒரு சொல்லோடு 9 மாதங்களுக்கு மேல் மல்லுக்கட்டினார். என்ன பொறுமை! பிள்ளைகளுக்கு இதை ஒற்றைப் பொருளாக மனப்பாடம் செய்யக் கொடுக்காதீர்கள். வாக்கியம் வாக்கியமாகக் கொடுங்கள்.