கையெழுத்து யாருடையது?

போதை மீட்பு மையத்தில் ஆலோசகராக இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் போன் இது: "மேடம், நாலு ஆளை வண்டியோட அனுப்புங்க. தூங்கும்போதே தூக்கிட்டுப் போயிடுங்க. எவ்வளவு ஆனாலும் கட்டிடறோம்." பேசுவது பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் அம்மா. அந்தக் குரலில் உள்ள களைப்பைக் கேட்டால் முடியாது என்று சொல்ல வாய் வராது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

மது, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆகவே எங்களைப் போன்ற மையங்களும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவேடு, கட்டில், கழிப்பறை என்று அதற்காக ஓடிய ஓட்டம் இருக்கட்டும். எங்கள் வேலையையே மாற்றியது சேர்க்கை விதிகள்தான்.

வயது வந்தவர் தானாகக் கேட்டுச் சேர வேண்டும். போக நினைத்தால் போகலாம். மதிப்பீட்டுக்காக நிறுத்திவைக்க முடிவது 24 மணி நேரம் மட்டுமே. அவர் சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டுமென்றால், தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையிலோ, தன்னையே பார்த்துக்கொள்ள முடியாத நிலையிலோ இருக்கிறார் என்று மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்துச் சொல்ல வேண்டும். அதுவும் முதலில் 30 நாள்வரைதான். இப்படிச் சேர்ப்பது சரியா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாளுக்குள். சங்கிலி கூடவே கூடாது. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு 28 பேர் எரிந்துபோன மாநிலம் இது. சட்டத்தின் அந்த வரிக்கு இங்கே விளக்கம் தேவையில்லை.

ஒரு கொத்தனார் ஞாபகத்துக்கு வருகிறார். மனைவி வாசலோரம் நிற்க, படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். பேனாவைத் தொடவில்லை. "போன் பேச விடுவீங்களா?" என்றார். விடுவோம், அது உங்கள் உரிமை என்றேன். "மொட்டை அடிப்பீங்களா?" சட்டமே கூடாது என்கிறது என்றேன். அப்புறம்தான் நிஜமான பயம் வெளியே வந்தது. முன்பு ஒருமுறை குடியை நிறுத்தியபோது மூன்றாம் நாள் கை கால் நடுங்கி, சுவரெல்லாம் பூச்சி ஊர்வதாகத் தெரிந்ததாம். இந்தத் தடவை டாக்டர் பக்கத்தில் இருப்பார், நடுக்கத்துக்கு மாத்திரையும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் உண்டு என்று விளக்கினேன். வெகுநேரம் கேள்விமேல் கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தூக்கி வந்து போட்டிருந்தால் இந்தப் பேச்சு நடந்தே இருக்காது. அந்தப் பேச்சில்தான் சிகிச்சை தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பதிவில்லாமல் மையம் நடத்தினால் முதல் தடவை அபராதம் 5,000 முதல் 50,000 ரூபாய். என்னைக் கேட்டால் இது போதவே போதாது. பல வருடம் குடித்தவரை மருத்துவர் இல்லாத அறையில் பூட்டி, திடீரென்று குடியை நிறுத்தினால் வலிப்பு வரும், ஜன்னி காணும், உயிரே போகலாம். அதனால் பணம் கட்டும் முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் எப்போதெல்லாம் இருப்பார், ராத்திரி வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்பதையும் கேளுங்கள்.