குடை, மாம்பழம், கதவு

ஒக்டோபர் 14

டொக்டர் மூன்று சொல் சொன்னார். குடை, மாம்பழம், கதவு. அம்மா நிமிர்ந்து இருந்து திருத்தமாகத் திருப்பிச் சொன்னார். பிறகு ஒரு வட்டம் போட்டுக் கொடுத்து மணிக்கூடு கீறச் சொன்னார்கள். பதினொன்று பத்து காட்ட வேண்டும். எண்கள் எல்லாம் வலப்பக்கமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. இடப்பக்கம் வெறுமை.

"சரி அம்மா, முதல் சொன்ன மூண்டு சொல்லும் என்ன?"

"எனக்கு ஆரும் ஒண்டும் சொல்லேல்லையே."

இரத்தம் எடுத்தார்கள். ஸ்கானுக்குத் துண்டு தந்தார்கள். "துண்டைத் தொலைச்சுப் போடாதேங்கோ" என்று அம்மாவைப் பார்த்துத்தான் தாதி சொன்னார். வாங்கிப் பையில் வைத்தது நான்.

ஒக்டோபர் 15

பல் தீட்டும்போதும் குடை, மாம்பழம், கதவு. எனக்கு ஏன் இது?

ஒக்டோபர் 17

நித்திரை இல்லை. போனில் வாசித்துக்கொண்டே கிடந்தேன். எபிங்ஹவுஸ் என்று ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னை வைத்தே அளந்திருக்கிறார். வெளியிட்டது 1885இல். ஒரு மணித்தியாலத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. அதன் பிறகு வேகம் குறைகிறது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு எங்கேயோ ஒட்டிக்கொண்டுதான் இருந்ததாம்.

அப்படிப் பார்த்தால் மறதி எல்லோருக்கும் பொது. அம்மாவுக்கு நடப்பது அது இல்லை. காலையில் சாப்பிட்ட புட்டு மறந்துபோகவில்லை. அது உள்ளே போய்ச் சேரவே இல்லை. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி மூளையின் இரண்டு பக்கமும் சின்னதாக இருக்கிறது. புது அனுபவம் அதன் வழியாகத்தான் பதியவேண்டும். அல்சைமர் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. (அல்சைமர் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. நானேதான் எழுதுகிறேன்.)

ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பை நிறுத்த 1953இல் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். வயது 27. அதற்குப் பிறகு 2008இல் சாகும் வரை புதிதாகச் சந்தித்த முகங்கள் அநேகமாக மனதில் நிற்கவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நட்சத்திரம் கீற வைத்தபோது, நாளுக்கு நாள் கை தேறியது. தான் முன்னர் இதைச் செய்ததே இல்லை என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே திறமாகக் கீறினாராம். கை வேறு ஓர் இடத்தில் படிக்கிறது.

அம்மா இன்று என் சட்டைக்குக் கிழிசல் தைத்தார். கண்ணாடி போடாமலே ஊசி கோத்தார். நூல் நுனியை உதட்டில் ஈரமாக்கி, இரண்டு விரலால் முறுக்கி, ஒரே தரத்தில். தைத்து முடித்து, "இது ஆர் தைச்சது, நல்லாயிருக்கு" என்றார்.

ஒக்டோபர் 19

தையல் மெஷின் எங்கே போனது என்று அம்மாவைக் கேட்டேன். "கிணத்தடியிலை தாட்டனாங்கள். அப்பா கிடங்கு வெட்டினவர். பழைய சாக்காலை சுத்தி, மேலை கிடுகு போட்டு." சாக்கில் இருந்த எழுத்தின் நிறம்கூடச் சொன்னார். 1995, சண்டைக்கு ஊரை விட்டுக் கிளம்பியபோது நடந்தது. காலையில் குடித்த தேத்தண்ணி தெரியாது.

புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்று ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1881இலேயே எழுதியிருக்கிறார்.

ஒக்டோபர் 20

கனடாவுக்கு எடுத்தேன். அண்ணா அடித்துச் சொல்கிறான்: "புதைக்கேல்லை. மேல் பாகத்தைக் கழட்டிச் சைக்கிள் கரியரிலை கட்டினவர் அப்பா. நாவற்குழிப் பாலத்தடியிலை நெரிசலுக்கை விழுந்து போச்சு. நான் பக்கத்திலை நிண்டனான். உனக்கு என்ன தெரியும், நீ சின்னன்."

எனக்கும் தெரியும். மழை, செம்மணி வெளி, மெஷின் கரியரில், அதைப் பிடித்துக்கொண்டு பச்சைச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெட்டை போகிறாள். முதுகு தெரிகிறது. அது நான்தான். என் முதுகை நான் எப்படிப் பார்த்தேன்?

ஒக்டோபர் 21

இதற்கும் ஆய்வு இருக்கிறது. நிக்ரோ, நைஸர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983இல் எழுதியது. பழைய ஞாபகங்களில் ஆட்கள் தங்களையே வெளியிலிருந்து பார்ப்பது சாதாரணமாம். கண் பார்த்ததை மனம் அப்படியே எடுத்து வைப்பதில்லை, பிறகு கட்டுகிறது. சரி. அப்படியென்றால் பச்சைச் சட்டை?

ஒக்டோபர் 22

பக்கத்து வீட்டு மாமி வல்லாரை கொண்டுவந்து தந்தார். சம்பல் போட்டேன். அம்மா ருசித்துச் சாப்பிட்டார். நானும் இரண்டு பங்கு சாப்பிட்டேன், தேவை யாருக்கு என்று யார் கண்டது.

பி12 குறைந்தாலும் இப்படி மறதி வருமாம். தைரொயிட் குறைந்தாலும் வருமாம். மனச்சோர்வாலும், சில மருந்துகளாலும்கூட. இதெல்லாம் மாற்றக்கூடியவை. பி12 என்றால் ஊசி போட்டால் போதும். பிள்ளையாரே, பி12.

ஒக்டோபர் 24

எல்லாம் நோர்மல். ரிப்போட் நல்லாயிருக்கு என்று கவுண்டரில் இருந்த தம்பி சிரித்தான். அவனை அடிக்க வேண்டும் போல் இருந்தது.

ஒக்டோபர் 26

"அப்பா எங்கை?"

செத்துப்போனார் என்று சொன்னேன். அம்மாவுக்கு அது புதுச் செய்தி. தலையில் கையை வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்துவிட்டார். எனக்கு ஏன் ஒருதரும் சொல்லவில்லை, நான் ஏன் செத்தவீட்டில் இல்லை என்று கேட்டுக் கேட்டு அழுகை. அரை மணித்தியாலத்தில் ஏன் அழுகிறார் என்பது போய்விட்டது. ஆனால் பொழுதுபட்டும் முகம் தெளியவில்லை. சோறு வேண்டாம் என்றார். என்னவோ நெஞ்சுக்குள் அடைக்குது பிள்ளை என்றார்.

அமெரிக்காவில் அயோவாவில் அல்சைமர் நோயாளருக்குச் சோகமான படத்துண்டுகளைப் போட்டுக் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். 2014இல் வந்த ஆய்வு. என்ன பார்த்தோம் என்பது மறந்த பிறகும் சோகம் நின்றதாம். படத்தைச் சரியாக நினைவில் வைத்திருக்காதவர்களிடம் இன்னும் கூட நேரம் நின்றதாம். காரணம் தெரியாத துக்கம். அதை நான் ஏன் ஒவ்வொரு நாளும் கொடுக்க வேண்டும்?

இனி அப்பா கடைக்குப் போயிருக்கிறார். தேவையென்றால் கொழும்புக்குப் போயிருக்கிறார். அண்ணா இதைப் பொய் என்கிறான். அவன் வந்து இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஒக்டோபர் 27

"கடைக்குப் போட்டார் அம்மா." "ஓ, சரி." தேத்தண்ணி குடித்தார்.

ஒக்டோபர் 30

மழை. அன்றைக்கும் இதே திகதி. யாழ்ப்பாணமே கிளம்பிய நாள். நிலத்தில் கால் வைக்க இடமில்லாமல் சனம். தென்மராட்சிக்குப் போய்ச் சேர இரவு முழுக்க எடுத்தது. அது உண்மை, அது ஊருக்கே தெரியும். மெஷின்தான் தெரியாது.

அதே 1995இல், நாங்கள் சாவகச்சேரியில் ஆரோ வீட்டு விறாந்தையில் கிடந்த காலத்தில், எலிசபெத் லொஃப்டஸ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார். சின்ன வயதில் நீ கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்து போனாய் என்று வீட்டார் சொன்னதாக ஒரு பொய்க்கதையைக் கொடுத்தார்கள். 24 பேரில் கால்வாசிப் பேருக்கு அது முழுதாகவோ கொஞ்சமாகவோ ஞாபகம் வந்துவிட்டது.

2000இல் கரீம் நாடர் என்ற மூளை ஆய்வாளர் எலிகளில் காட்டியது இதைவிடப் பயம். ஒரு ஞாபகத்தை எடுக்கும்போது அது இளகிவிடுகிறது, திரும்பப் பதியவேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் மருந்து கொடுத்துத் தடுத்தால் இருந்ததும் போய்விடுகிறது. மனிதரில் அவ்வளவு நேராக இல்லையாம். ஆனாலும், நாங்கள் மூன்று பேரும் இத்தனை வருடம் அந்த இரவைப் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறோம். அண்ணா கனடாவில் ஒரு மாதிரி, நான் இங்கே ஒரு மாதிரி. பச்சைச் சட்டை என் தையலாக இருக்கலாம்.

கிணற்றடியை வெட்டிப் பார்க்கலாமா என்று போய் நின்றேன். எல்லாம் சீமெந்து. அப்பாதான் திரும்பி வந்த பிறகு போட்டவர். போடுமுன் கிண்டி எடுத்திருப்பாரே? அல்லது எடுக்க ஒன்றும் இல்லாததால் போட்டாரா?

நவம்பர் 2

ஸ்கான் துண்டைக் காணவில்லை. பை, அலுமாரி, சாமியறை, குப்பை வாளி. கத்திவிடுவேன் போல் இருந்தது.

நவம்பர் 3

கிடைத்தது. அம்மாவின் தலையணை உறைக்குள், நாலாக மடித்து, சேஃப்டி பின் குத்தி.

"ஏன் அம்மா இதுக்குள்ளை?"

"ஆரோ தொலைக்கவேண்டாம் எண்டு சொன்னவை."

எங்கே, எப்போது, யார், ஒன்றும் தெரியாது. டொக்டரிடம் இதைச் சொன்னால் எந்தப் பெட்டியில் புள்ளி போடுவார்?

நவம்பர் 5

11ஆம் திகதி ஸ்கான். காலை ஏழு மணி. ஓட்டோவுக்குச் சொல்லியாயிற்று.

நவம்பர் 6

அண்ணா டிக்கெட் போட்டுவிட்டானாம், தைப்பொங்கலுக்கு. "அம்மாவுக்கு இப்ப சொல்லாதை, பதட்டப்படுவா" என்கிறான். உண்மையில் பதட்டம் அவனுக்குத்தான். வந்து படலையில் நிற்கும்போது அம்மா ஆர் என்று கேட்டால்? நாளுக்கொரு தரம் அவன் படத்தைக் காட்டலாமா என்று யோசித்தேன். எந்தப் படம்? இப்போதைய மொட்டைத் தலையையா, பள்ளிக்கூட யூனிபோமில் நிற்பதையா?

சரி, சொல்லிப் பார்த்தேன். "பெரியவனோ? மழையிலை நனையப் போறான், படலையைத் திறந்து விடு பிள்ளை" என்றார். திறக்கும் வரை விடமாட்டார் போல, கூப்பிடுகிறார். மிச்சம் பிறகு