படகுக்கு எத்தனை கிலோ?

மீன் இருப்பைக் கணக்கிடும் வேலை என்றதும் கப்பலேறி நடுக்கடலில் ஆராய்ச்சி செய்வதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் நாங்கள் நிற்பது இறங்குதளத்தில்தான், கையில் அளவுப் பலகையோடு, ஏலம் தொடங்குவதற்குள் அளந்து முடித்துவிட வேண்டுமே என்ற அவசரத்தோடு.

இந்த வேலையில் நான் நம்பத் தயங்கும் எண் ஒன்று உண்டு: ஒரு நாளைக்குப் படகுக்கு எத்தனை கிலோ. கடலில் மீன் குறைந்தால் இதுவும் குறையும் என்பது கணக்கு. ஆனால் நாள் அதே நாள்தான், படகு அதே படகில்லையே. எஞ்சின் பெரிதாகிறது, ஒலியை அனுப்பி மீன் கூட்டத்தைக் காட்டும் எக்கோ சவுண்டர் வருகிறது, மீன்பாடு நன்றாக இருந்த இடமெல்லாம் ஜிபிஎஸ்ஸில் ஏறிவிடுகிறது. அப்புறம், சில இனங்கள் எண்ணிக்கை குறையக் குறைய மிச்சமிருக்கும் இடத்தில் கூட்டமாகத் திரளும். அந்தக் கூட்டத்தையே தேடிப்போய் வலை விட்டால் கடைசிவரை வலையின் மடி நிறையத்தான் செய்யும்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் (cod) மீனுக்கு நடந்ததில் இதற்கும் பங்குண்டு. வணிகப் படகுகளின் பிடிப்பைப் பெரிதாக நம்பி இருப்பை அதிகமாக மதிப்பிட்டார்கள். 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று, சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. அந்தத் தடை விலக 2024 ஆனது.

அதனால் எடையைவிட நீளத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கூடையில் பாதிக்கு மேல் ஒருமுறைகூடச் சினை வைக்காத மீன்கள் என்றால், மொத்த எடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரியில்லை. சந்தேகம் இருந்தால் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை எடுத்து, மர வளையம் போல அதிலுள்ள வளையங்களை எண்ணி வயதைக் கண்டுபிடிக்கலாம் (பொறுமை வேண்டும், கண்ணும் நன்றாக இருக்க வேண்டும்). பெரிய பெண் மீன்கள் இல்லாமல் போவதுதான் பெரிய இழப்பு: 30 கிலோ காட் ஒன்று இடும் முட்டை, 2 கிலோ மீன்கள் இருபத்தெட்டு சேர்ந்து இடுவதைவிட அதிகம்.

மீனவர்களிடம் "மீன் குறைஞ்சிருக்கா?" என்று கேட்டால் பாதிப்பேர் இல்லை என்பார்கள், கேட்பவர் தடை கொண்டுவரும் ஆள் ஆயிற்றே. "முன்ன எவ்வளவு தூரம் போவீங்க, வலைக்கண்ணி என்ன அளவு வச்சிருந்தீங்க?" என்று கேட்டால் பேச்சு தானாக வரும். நாங்கள் நிரப்பும் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டமே கிடையாது. வலை எத்தனை மணி நேரம் தண்ணீரில் கிடந்தது, எத்தனை குதிரைத்திறன், வேண்டாமென்று கடலிலேயே தூக்கிப் போட்ட மீன் எவ்வளவு என்று மூன்று கட்டங்கள் சேர்த்தால்கூடப் போதும்.