மூஸைக் கூப்பிடுதல்: பருவத் தொடக்கத்தில் ஐந்து நாள்

போன வருடம் நான் அளவுக்கு மிஞ்சிக் கத்தினேன். கனடாவின் வடக்கு ஒன்ராறியோவில், மூஸ் என்கிற பெரிய மான் இனத்துக்கு வில் வேட்டை தொடங்கிய கிழமை அது. பேர்ச் மரப்பட்டைக் குழலை வாயில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் பெட்டை மூஸின் நீண்ட முனகலை ஊதிக்கொண்டே இருந்தேன். நாலு நாளாக ஒரு பதிலும் இல்லை.

இந்த முறை எங்கள் குழுவுக்கு ஆண் மூஸ் டேக் ஒன்று, அதாவது ஓர் ஆண் மூஸை வேட்டையாடும் அனுமதி, கிடைத்தது. 2021இலிருந்து இங்கே டேக் புள்ளிக் கணக்கில்தான் வருகிறது. டேக்கை எடுத்துக்கொண்டால் சேர்த்து வைத்த புள்ளி எல்லாம் போய்விடும். அதனால் குளிர்காலம் முழுக்க இதைப் பற்றியே யோசித்தேன்.

பெட்டை பருவத்துக்கு வருவது பெரும்பாலும் செப்டெம்பர் கடைசியிலும் ஒக்ரோபர் தொடக்கத்திலும்தான். வந்தாலும் ஒரு நாள் அளவுதான் நிற்கும். சினைப்படாவிட்டால் மூன்றரைக் கிழமை கழித்துத்தான் அடுத்த தரம். அதற்கு முன்னரே, வில் வேட்டை தொடங்கும் நாள்களில், காட்டில் ஒரு பெட்டை ஓயாமல் கூப்பிட்டால் அது இயல்பே இல்லை. ஆணுக்கு இந்த நாள்களில் கவலை வேறு: கொம்பின் மேல்தோல் இப்போதுதான் உரிந்திருக்கும், பக்கத்தில் வேறு எந்த ஆண் இருக்கிறது என்று பார்க்கத்தான் அலையும். அதற்கு முனகலைவிடச் செடியில் கொம்பு உரசும் சத்தம் பெரிய விசயம்.

முதல் நாள். காய்ந்த மாட்டுத் தோள்பட்டை எலும்பால் ஆல்டர் புதரை உரசினேன். பத்து விநாடி உரசி, நிறுத்தி, ஒரு சுள்ளியை முறித்து, திரும்ப உரசினேன். கடைசியில் "உவ்" என்று அடித்தொண்டையிலிருந்து இரண்டு உறுமல். பிறகு நாற்பது நிமிடம் ஒன்றும் செய்யவில்லை. இந்தச் சும்மா இருத்தல்தான் கடினம். அரை மணித்தியாலத்தில் கை தானாகக் குழலைத் தேடியது. பக்கத்தில் இருந்த அண்ணை கையைப் பிடித்து, "தம்பி, கொஞ்சம் பொறு" என்றார்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வீண். ஒரு நாள் பகலில் 20 பாகை வெயில். உரோமம் தடித்த மிருகம் வெக்கையில் நிழலை விட்டு அசையாது. மற்ற நாள் முழுக்கக் காற்று. காற்றில் கூப்பிடுவதில் பயன் இல்லை: நம் சத்தம் தூரம் போகாது, அது வருவதும் நமக்குக் கேட்காது.

நாலாம் நாள் விடியப்புறம் உறைபனி, காற்றே இல்லை. ஏரிக்கரையில் துடுப்பால் இரண்டு தரம் தண்ணீரை அளைந்தேன், பெட்டை நடக்கிற மாதிரி. பிறகு ஒரேயொரு முனகல், அதுவும் மெல்லமாக: மூக்கால் தொடங்கி, ஏறி, நீண்டு, தளர்ந்து விழவேண்டும். போன வருடம் நான் முடிவில் குரலை வெட்டிவிடுவேன். இப்போது குழலை நிலத்தை நோக்கி இறக்கிக்கொண்டே முடிக்கிறேன், சத்தம் கரைந்து போகிறது. பத்து நிமிடத்தின் பின் எலும்பு உரசல். அதோடு நிறுத்தினேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து ஏரிக்கு அப்பால் "உவ்". பிறகு இன்னொன்று, கிட்ட. என் நெஞ்சு அடித்தது எனக்கே கேட்டது. அதன்பின் சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சுள்ளிகூட முறியாமல் நடக்கும் என்பதைச் சொல்லக் கேட்டிருந்தேன், நம்பியதில்லை. இருபது நிமிடமாக எங்களுக்கு முன்பக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு. திரும்பியபோது ஸ்புரூஸ் மரங்களுக்கிடையில் அகன்ற கொம்பின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்து மறைந்தது.

போய்ப் பார்த்தோம். இருபது அடிவைப்பில், பாசியில் ஆழப் பதிந்த குளம்புத் தடம், 15 சென்ரிமீற்றர் இருக்கும். அதற்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. ஏரியைச் சுற்றி, காற்று மெதுவாக இழுக்கிற பக்கத்துக்கு வந்து, எங்கள் வாசத்தைப் பிடித்திருக்கிறது. கண் மந்தம் என்றாலும் மூக்கும் காதும் அப்படி.

இருவரும் ஒரே இடத்தில் இருந்ததுதான் தப்பு. கூப்பிடுகிறவன் வேறு, வில் பிடிக்கிறவன் வேறாக இருக்கவேண்டும்.

ஐந்தாம் நாள் மழை, போகவில்லை. நாளைக்கு அண்ணை அந்தத் தடம் இருந்த பக்கம், காற்று இறங்கும் திசையில் இருப்பார். நான் அறுபது மீற்றர் தள்ளி, மரத்தில் முதுகை வைத்து, ஒரேயொரு முனகல் ஊதுவேன்.